தேனீக்களால் மனிதர் பெறுவன

இந்தியாவில் தேன் சேர்த்து வைக்கும் தேனீக்கள் முக்கியமாக ஐந்து வகை. பாறை முகடுகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் ஒற்றை அடையாகப் பெரிய கூடு கட்டுவது மலைத்தேனீ. புதர்க்கொம்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிற்றடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்து, சுவர் இடுக்கு, பாறைப் பிளவு போன்ற இருண்ட இடங்களில் பல அடைகளை அடுத்தடுத்துத் தொங்கவிடுவது இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ என்றும் பொந்துத் தேனீ என்றும் இதற்குப் பெயர் உண்டு. இத்தாலியத் தேனீ வெளிநாட்டிலிருந்து வந்து 1960களில் வட இந்தியாவில் நிலைபெற்றது. ஐந்தாவது, கொட்டத் தெரியாத கொசுத்தேனீ.

முதல் இரண்டையும் பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது. திறந்த வெளியில், வெளிச்சத்தில் கூடு கட்டும் இயல்புடையவை அவை. அடைத்து வைத்தால் தங்குவதில்லை. மற்ற மூன்றும் மனிதர் கொடுக்கும் இருட்டறையை ஏற்றுக்கொள்கின்றன. காட்டிலிருந்து எடுக்கும் தேன், பெட்டியில் வளர்த்துப் பெறும் தேன் என்று இரண்டு தனித்தனித் தொழில்கள் உருவானதற்கு இந்த இயல்பே காரணம். கிடைக்கும் அளவிலும் வேறுபாடு பெரிது. மலைத்தேனீயின் ஒரு பெரிய அடையிலிருந்து பத்து கிலோவுக்கு மேலும் தேன் கிடைப்பதுண்டு. இந்தியத் தேனீ வளர்க்கும் பெட்டியில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு கிலோ சராசரி. நல்ல மேய்ச்சல் உள்ள இடத்தில் அதைவிடக் கூடும். இத்தாலியத் தேனீப் பெட்டி 25 முதல் 40 கிலோ வரை தரும். கொசுத்தேனீ தருவது சில நூறு கிராம்தான். ஆனால் மருந்துத் தேன் என்ற பெயரால் அதற்கு விலை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

காட்டுத் தேனும் பெட்டித் தேனும்

தேனுக்காக மனிதர் கூடுகளைத் தேடிப்போன வரலாறு வேளாண்மையைவிடப் பழையதாக இருக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டின் அரான்யா குகையிலும் மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவிலும் தேனெடுக்கும் காட்சிகள் பாறை ஓவியங்களாக உள்ளன. சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்தில் தேனெடுத்தலும் தினைப்புனம் காத்தலும் சேர்ந்தே வருகின்றன. முருகனுக்குப் படைக்கும் தேனும் தினைமாவும் அந்த மலை வாழ்க்கையின் உணவுதான். பழனி பஞ்சாமிர்தத்தில் இன்றும் தேன் ஒரு சேர்மானம்.

நீலகிரியின் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினரிடம் இத்தொழில் இன்னும் உயிரோடிருக்கிறது. கோடைத் தொடக்கத்திலிருந்து மழைக்கு முன்வரை பருவம். காட்டுக்கொடியில் முறுக்கிய ஏணியைப் பாறை உச்சியில் கட்டி, பச்சிலைக் கட்டைப் புகையவிட்டு ஒருவர் இறங்குவார். மேலே கயிற்றைக் காப்பவர் பெரும்பாலும் மைத்துனர். தன் தமக்கையோ தங்கையோ தாலியறுக்க அவர் சம்மதிக்கமாட்டார் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். மலைத்தேனீயின் அடையில் தேன் சேர்ந்திருப்பது மேற்பகுதியில்தான். கீழே இருப்பது முட்டையும் புழுவும். தேன் உள்ள பகுதியை மட்டும் அறுத்தால் கூட்டம் மீண்டும் அதே இடத்தை நிரப்பும். முழு அடையையும் அறுத்துப் பிழிந்தால் தேனில் புழுச்சாறும் மகரந்தமும் கலந்து விரைவில் புளிக்கும், கூட்டமும் அழியும். 1990களிலிருந்து நீலகிரியில் இயங்கிவரும் கீஸ்டோன் அறக்கட்டளை இந்த வேறுபாட்டை முன்வைத்தே தேனெடுப்போரிடையே வேலை செய்து வருகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறு வன விளைபொருள்களாகக் குறிப்பிட்டு, அவற்றைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காட்டில் வாழ்வோருக்கு அளிக்கிறது.

பெட்டி வளர்ப்பு இதற்கு நேர் எதிரான வழி. அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத் 1851இல் ஒரு சிறிய உண்மையைக் கண்டார். அடைகளுக்கிடையே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி இருந்தால் தேனீக்கள் அதைப் பிசினாலோ மெழுகாலோ அடைப்பதில்லை, நடைபாதையாக விட்டுவிடுகின்றன. அந்த இடைவெளியைக் காத்துச் சட்டங்களைத் தொங்கவிட்டால் அடையை உடைக்காமல் வெளியே எடுக்கலாம், தேனைச் சுழற்றி வடிக்கலாம், வெற்று அடையைத் திரும்ப வைக்கலாம். உலகின் இன்றைய தேன் வணிகத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளியின் மேல் நிற்கிறது.

மேலை நாட்டுப் பெட்டி இந்தியத் தேனீக்குப் பெரிது. தென்னிந்தியாவில் பணியாற்றிய இயேசு சபைக் குரு நியூட்டன் அதைச் சிறிதாக்கி ஒரு பெட்டி வடிவமைத்து, 1911 முதல் கிராம மக்களுக்கு வளர்ப்புமுறையைக் கற்பித்தார். கீழே புழு அறை, மேலே தேன் அறை, இரண்டிலும் கழற்றி மாட்டும் சட்டங்கள் என்ற அமைப்பு நியூட்டன் பெட்டி என்ற பெயரிலேயே இன்றும் செய்யப்படுகிறது. அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் இதை வீட்டுத் தொழிலாக்கியது. இன்று தமிழ்நாட்டில் தேனீ வளர்ப்பு என்றாலே கன்னியாகுமரி மாவட்டம்தான். மார்த்தாண்டம் தேன் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

அந்தத் தேனின் மூலம் வெளியூர்க்காரர் பலருக்கு வியப்பளிக்கும். அதில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதே இல்லை. ரப்பர் மரம் ஆண்டின் முடிவில் இலை உதிர்த்து, தை, மாசியில் துளிர்க்கிறது. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. தளிர் முற்றும் சில வாரங்களில் அவற்றில் இனிப்பு நீர் துளிர்த்து நிற்கும். தேனீக்கள் அதைத்தான் உறிஞ்சுகின்றன. மலையோரத் தோட்டங்களில் தாங்கிகளின்மேல் பெட்டிகள் நிற்கும். எறும்பு ஏறாமலிருக்கத் தாங்கியின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார்கள். மாசி, பங்குனியில் தேன் அறை வாரத்துக்கு வாரம் நிரம்பும். இந்த வரத்து நின்ற பிறகு, அதிலும் மழைக்காலத்தில், மேய்ச்சல் இல்லை. சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். ரப்பர் தேனில் ஈரம் அதிகம். அப்படியே அடைத்தால் பொங்கிப் புளித்துவிடும் என்பதால் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இதமாகச் சூடாக்கி வடிகட்டுகிறார்கள். ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்தது, பெட்டியின் அடிப்படை அமெரிக்காவில் உருவானது, தேனீ மட்டும் உள்ளூர். இவை மூன்றும் கூடியதில் பிறந்ததே மார்த்தாண்டத்தின் பெயர்.

தேனின் குணமும் அதைப் பற்றிய நம்பிக்கைகளும்

பூவில் கிடைக்கும் மதுவில் பெரும்பகுதி தண்ணீர். வயல் தேனீ அதைத் தேன்பையில் கொண்டுவந்து கூட்டிலிருக்கும் தேனீயிடம் வாய்வழியாகக் கொடுக்கிறது. வாய்க்கு வாய் மாறும்போது நொதிகள் கலந்து சுக்ரோஸ் சர்க்கரை குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிகிறது. பிறகு அறைகளில் பரப்பி இறக்கையால் விசிறி ஈரத்தை வற்றவைக்கின்றன. ஏறத்தாழ 18 முதல் 20 விழுக்காட்டுக்கு ஈரம் இறங்கியதும் அறையை மெழுகால் மூடுகின்றன. மூடிய அறையில் இருப்பதே முதிர்ந்த தேன். மூடும்முன் அவசரப்பட்டு எடுத்த தேன் கெட்டுப்போகும். பணித் தேனீ ஒன்று தன் ஆறு வார வாழ்நாளில் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு.

முதிர்ந்த தேன் ஆண்டுக்கணக்கில் கெடாததற்குக் காரணங்கள் தெளிவானவை. சர்க்கரைச் செறிவு நுண்ணுயிரிகளின் நீரை உறிஞ்சிவிடுகிறது. தேனின் அமிலத்தன்மையும் அவற்றுக்கு ஒவ்வாது. தேனீ சேர்த்த நொதி ஒன்று, தேன் நீர்க்கும்போது சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. தீப்புண்ணுக்கும் ஆறாத புண்ணுக்கும் தேன் தடவும் பழக்கம் பல நாடுகளில் இருந்ததற்கு இதில் விளக்கம் கிடைக்கிறது. மருத்துவமனைகளில் பயன்படுவது கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்த தேன். சமையலறைப் புட்டியில் இருப்பது அதற்கு ஈடாகாது. சித்த மருத்துவத்தில் தேன் தனி மருந்தாக இருப்பதைவிட அனுபானமாக, அதாவது சூரணத்தையும் பற்பத்தையும் குழைத்துக் கொடுக்கும் துணைப்பொருளாக, அதிகம் பயன்படுகிறது. இருமலுக்குத் தேன் இதம் தருவதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைக்கும் வழக்கத்தில் சில வீடுகளில் தேன் தொட்டு வைக்கிறார்கள். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை வளர்வதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சு சுரந்து தசைகளை முடக்கிவிடலாம். ஒரு வயதுவரை தேன் கூடாது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. மற்றொன்று, சர்க்கரை நோயாளிக்குத் தேன் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை. நூறு கிராம் தேனில் ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரையும் 300 கலோரி ஆற்றலும் இருக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரையை அது ஏற்றவே செய்யும்.

கலப்படம் இத்தொழிலின் பழைய நோய். வெல்லப்பாகு கலந்த காலத்தில் நாக்கே கண்டுபிடித்துவிடும். இப்போது கலப்பது அரிசியிலிருந்தும் பிற மாவுகளிலிருந்தும் எடுக்கப்படும் பாகு. அது வழக்கமான சோதனைகளை ஏமாற்றும்படியே தயாரிக்கப்படுகிறது. தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சந்தையிலிருந்த 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்ததில் பெரும்பாலானவை தேறவில்லை. அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை ஜெர்மன் ஆய்வகத்தில் செய்யப்பட்டது. தண்ணீரில் சொட்டினால் கரையக்கூடாது, திரியில் தோய்த்தால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக்கூடாது, நாய் நக்கக்கூடாது என்பன போன்ற வீட்டுச் சோதனைகள் எதுவும் இந்தப் பாகைக் காட்டிக்கொடுக்காது. நல்ல தேனையும் எறும்பு மொய்க்கும். குளிரில் தேன் உறைந்து சீனிபோல் படிவதும் கலப்படத்தின் அடையாளமன்று. குளுக்கோஸ் மிகுந்த தேன் அப்படித்தான் உறையும். கடுகுத் தேன் சில வாரங்களிலேயே உறைந்துவிடும்.

மெழுகு

இளம் பணித் தேனீயின் வயிற்றடியில் உள்ள சுரப்பிகளிலிருந்து மெழுகு மெல்லிய செதில்களாக வெளிவருகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஆறு முதல் எட்டு கிலோ தேன் உண்ண வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். வெற்று அடையைப் பெட்டியில் திரும்ப வைப்பதன் லாபம் இதில் விளங்கும். ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும் இம்மெழுகு களிம்பு, உதட்டுப்பூச்சு, மாத்திரைப் பூச்சு, தோல் மெருகு என்று பலவற்றில் சேர்கிறது.

தமிழகத்தில் இதன் மிக உயர்ந்த பயன் படிமக்கலை. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பில் பிறந்தவை. சுவாமிமலை ஸ்தபதிகளிடம் அம்முறை இன்றும் தொடர்கிறது. தேன்மெழுகுடன் குங்கிலியமும் சிறிது கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, வடிகட்டி, குளிர்ந்த நீரில் இட்டுப் பதமாக்குவார்கள். கைச்சூட்டில் வளைந்து, ஆறியதும் இறுகி நிற்கும் அந்தக் கலவையில் முகம், கை, உடல், பீடம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து, சூடான கருவியால் ஒட்டுவார்கள். ஆடை மடிப்பும் அணிகலன்களும் மெழுகிலேயே தீட்டப்படும். அதன்மேல் காவிரி வண்டலை முதலில் மெல்லிய குழம்பாகப் பூசுவார்கள். மெழுகின் ஒவ்வொரு கோடும் அந்த முதல் பூச்சில்தான் பதிகிறது. பிறகு தடித்த மண், கம்பிக் கட்டு, நிழலில் உலர்த்தல். சூடேற்றியதும் மெழுகு துளைவழியே வடிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் ஊற்றப்படும். அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். விலை கருதி இப்போது பாரபின் மெழுகும் பயன்படுகிறது. ஆனால் நுணுக்கத்துக்கு அடிப்படையாக இருந்தது தேன்மெழுகின் இணக்கமே.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இராணிப் புழுவுக்கு ஊட்டும் அரசக்கூழ், மரப்பிசினிலிருந்து தேனீக்கள் உண்டாக்கும் புரோபோலிஸ், சேகரித்த மகரந்தம் ஆகியவை சத்துப்பொருள் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. அவற்றுக்குச் சொல்லப்படும் பலன்களில் பாதிக்குமேல் விளம்பரம்தான். தேனீ நஞ்சின் இடம் வேறு. கொட்டினால் உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை உடையவர்களுக்கு, அதே நஞ்சைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் செலுத்திப் பழக்கும் சிகிச்சை உறுதியான பலன் தருகிறது.

பூவுக்குப் பூ

தேன், மெழுகு எல்லாவற்றையும் கூட்டினாலும் தேனீ செய்யும் மற்றொரு வேலைக்கு ஈடாகாது. உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, ஓரளவாவது விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருப்பதாகவும், அதன் ஆண்டு மதிப்பு 23,500 கோடி முதல் 57,700 கோடி அமெரிக்க டாலர் வரை இருக்கும் என்றும் பல்லுயிர் பற்றிய பன்னாட்டு அரசுகள் குழு 2016இல் மதிப்பிட்டது. இந்தியாவின் ஆண்டுத் தேன் உற்பத்தி ஏறத்தாழ 1.3 லட்சம் டன். அதன் மதிப்பு இந்தக் கணக்கின் அருகில்கூட வராது.

பூசணிக் கொடியைப் பார்த்தால் இது புரியும். ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு ஒன்று முன்பே இருக்கும். பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண்பூவின் ஒட்டும் மகரந்தத்தை யாராவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும்; காற்று சேர்க்காது. சேராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒருபக்கம் சூம்பிக் கோணும். வெள்ளரியும் தர்பூசணியும் இப்படியே. ஏலக்காய்ப் பூவின் ஆயுள் ஒரே நாள். இடுக்கி, போடி மலைகளின் ஏலத் தோட்டங்களில் இந்தியத் தேனீயும் மலைத்தேனீயும் வராவிட்டால் காய்ப்பு குறையும். ரொபஸ்டா காபிச் செடி தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. மற்றொரு செடியின் மகரந்தம் வேண்டும். அதைக் காற்றோடு சேர்ந்து கொண்டுவருவன தேனீக்களே. சூரியகாந்தியிலும் வெங்காய விதை உற்பத்தியிலும் தேனீ வந்த வயலுக்கும் வராத வயலுக்கும் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இந்த உண்மையை மிகைப்படுத்துவதும் உண்டு. தேனீ அழிந்தால் நான்கே ஆண்டில் மனித இனம் அழியும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு செய்தி சுற்றுகிறது. அவர் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை, கருத்தும் சரியன்று. நெல், கோதுமை, கேழ்வரகு, சோளம் எதற்கும் தேனீ வேண்டாம். வாழைக்கும் வேண்டாம். தேனீ இல்லாவிட்டாலும் சோறு கிடைக்கும். குழம்பில் போடும் காயும் பழமும் எண்ணெய் வித்தும்தான் குறையும், விலையேறும். மேலும் உலகில் 20,000க்கு மேற்பட்ட தேனீ வகைகள் உள்ளன. முருங்கைப் பூவில் துளைவண்டு என்று அழைக்கப்படும் தேனீ செய்வது போன்ற வேலையைத் தேன் தராத அந்த இனங்கள் கணக்கில்லாமல் செய்துவருகின்றன.

அமெரிக்காவின் கலிபோர்னியா வாதுமைத் தோட்டங்கள் பிப்ரவரியில் பூக்கும்போது மகரந்தச் சேர்க்கைக்காக நாடெங்கிலுமிருந்து பெட்டிகள் லாரியில் வருகின்றன. அங்கே பல வளர்ப்பாளர்களுக்குத் தேனைவிடப் பெட்டி வாடகையே முக்கிய வருமானம். இமாச்சல ஆப்பிள் தோட்டங்களிலும் வாடகை உண்டு. தமிழ்நாட்டில் பெட்டி வைப்பவருக்கு வருமானம் பெரும்பாலும் தேனிலிருந்துதான்; அவருடைய தேனீயால் காய் பிடித்த தோட்டக்காரர் எதுவும் கொடுப்பதில்லை. இந்தத் தொழில் தேன் விலை விழும்போதெல்லாம் ஆட்டம் காண்பதற்கு இதுவே பெரிய காரணம்.

நோயும் நஞ்சும் நெருப்பும்

1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவைத் தாக்கியது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பைபோல ஊதிச் சாகும். கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. வெற்றுப் பெட்டிகள் விறகாயின. தாக்குப்பிடித்த சில கூட்டங்களிலிருந்தே தொழில் மறுபடி தலையெடுத்தது. அந்த இடைவெளியில் இத்தாலியத் தேனீ இங்கும் பரவியது. அது அதிகத் தேன் தரும். ஆனால் வரோவா உண்ணியைச் சமாளிக்கத் தெரியாது. அந்த உண்ணியின் பழைய இருப்பிடம் இந்தியத் தேனீயினமே. அது தன் உடலிலிருந்து உண்ணியைக் கடித்து நீக்கும் பழக்கம் உடையது. வருமானக் கணக்கில் பின்தங்கினாலும் உள்ளூர் இனத்தைக் கைவிடக்கூடாது என்பதற்கு இந்த ஓர் இயல்பே போதும்.

பூச்சிக்கொல்லியின் சேதம் வேறு வகை. உடனே கொல்லாத அளவிலும் சில மருந்துகள் தேனீயை வழிதவறச் செய்கின்றன. நியோனிகோட்டினாய்டு வகையில் மூன்றைத் திறந்த வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. தடைக்குக் காத்திராமல் வயலில் செய்யக்கூடியதும் உண்டு. தேனீ வயலில் இருப்பது காலையிலிருந்து பிற்பகல்வரை. பயிர் பூத்திருக்கும் நாட்களில் மருந்தைத் தவிர்ப்பதும், தவிர்க்க முடியாதபோது பொழுது சாய்ந்தபின் தெளிப்பதும், பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முன்னாளே சொல்லிவிடுவதும் செலவில்லாத காரியங்கள். சொல்லிவிட்டால் அவர் பெட்டி வாசலை அன்று மூடி வைத்துக்கொள்வார்.

நகரங்களில் ஆபத்து நெருப்பு வடிவில் வருகிறது. தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ அடுக்குமாடி விளிம்பிலோ மலைத்தேனீ கூடு கட்டினால் இரவில் பந்தம் கொளுத்தி எரித்துவிடுகிறார்கள். கூட்டைக் கல்லெறிந்தோ புகைபோட்டோ கலைக்காதவரை அது தானாக வந்து கொட்டுவது அரிது. வாசலுக்கு மிக அருகில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் கட்டியிருந்தால் தேனெடுக்கத் தெரிந்தவரையோ தீயணைப்புத் துறையையோ அழைக்கலாம். எட்டாத உயரத்தில் இருக்கும் கூட்டை விட்டுவிடுவதே நல்லது. சில மாதங்களில் பூக்காலம் முடிந்ததும் மலைத்தேனீக்கள் அடையைக் காலிசெய்துவிட்டு வேறு இடம் போய்விடும்.